பெயர் எழுதிய பொறுப்பு

தமிழ் சினிமா மேற்கே நகர்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. கோடம்பாக்கத்திலும் வடபழனியிலும் பழைய படப்பிடிப்புத் தளங்கள் ஒவ்வொன்றாக அடுக்குமாடிக் குடியிருப்புகளாகவும் திருமண மண்டபங்களாகவும் மாற, பெரிய செட் போட இடம் தேடியவர்கள் பூந்தமல்லிக்கு வந்தார்கள். செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் கேளிக்கைப் பூங்காவாக இருந்த இ.வி.பி. வளாகம் படப்பிடிப்பு நகரமானது. ‘காலா’ படத்துக்காக மும்பையின் தாராவி அங்கேதான் எழுந்தது. தமிழ் ‘பிக் பாஸ்’ வீடும் அங்கேதான். 2024 ஜனவரியில் நடந்த ‘கலைஞர் 100’ விழாவில், பூந்தமல்லிக்கு அருகே 140 ஏக்கரில் தனியார் பங்களிப்புடன் 500 கோடி ரூபாயில் நவீனத் திரைப்பட நகரம் அமையும் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். மெட்ரோ ரயிலின் நான்காவது வழித்தடம்கூடக் கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம், போரூர் வழியாகப் பூந்தமல்லிக்குத்தான் போடப்பட்டிருக்கிறது. சினிமா நடந்துவந்த அதே பாதை.

ஆக, இனி இந்த மேற்குப் புறநகர்தான் தமிழ்த் திரைக் கலைஞர்களின் பட்டறை. எத்தனை ஃப்ளோர் வரும், எத்தனை அடி உயர எல்இடி சுவர் வரும் என்றெல்லாம் பேச்சு நடக்கிறது. அந்தக் கூரைகளுக்குக் கீழே வேலை எப்படி நடக்கும், யார் எதற்குப் பொறுப்பு என்ற கேள்விக்கு அந்தப் பேச்சில் இடமில்லை. நிலம் ஒதுக்குவதற்கு முன்பும், செங்கல் அடுக்குவதற்கு முன்பும் கேட்கப்பட வேண்டிய கேள்வி அது. அதைக் கேட்காததன் விலையை இந்த ஊர் ஒருமுறை கொடுத்திருக்கிறது.

அந்த இரவு

2020 பிப்ரவரி 19. இயக்குநர் ஷங்கரின் ‘இந்தியன் 2’ படத்துக்காக இ.வி.பி. வளாகத்தில் இரவு வேலை நடந்துகொண்டிருந்தது. விளக்குகளைத் தாங்கி நின்ற உயரமான கிரேன் சரிந்து, ஆட்கள் இருந்த கூடாரத்தின் மேல் விழுந்தது. மூன்று பேர் உயிரிழந்தார்கள்; பலர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் ஒருவர் உதவி இயக்குநர். மற்ற இருவர் திரையில் முகம் தெரியாமல் படத்தைத் தூக்கி நிறுத்தும் பணியாளர்கள். கதாநாயகனும் கதாநாயகியும் இயக்குநரும் நூலிழையில் தப்பினார்கள்.

அடுத்த சில நாட்களில் இரண்டு கடிதங்கள் வெளிவந்தன. பாதுகாப்பு, காப்பீடு, இழப்பீடு ஆகியவற்றில் தயாரிப்பு நிறுவனத்தின் கடமையைச் சுட்டிக்காட்டி, படத்தின் நாயகன் கமல்ஹாசன் தயாரிப்பாளரான லைகா நிறுவனத்துக்கு எழுதினார். பொறுப்பு நாயகனும் இயக்குநரும் உட்பட அனைவருக்கும் உரியது என்ற பொருளில் நிறுவனம் பதில் எழுதியது. காவல் துறை விசாரித்தது; நடிகரும் இயக்குநரும் விசாரணைக்கு அழைக்கப்பட்டார்கள். இரு தரப்பின் வாதத்தையும் இங்கே எடைபோடத் தேவையில்லை. ஆனால் அந்தக் கடிதங்கள் ஒரு பெரிய உண்மையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. மூன்று உயிர்கள் போன பிறகுதான், பொறுப்பு யாருடையது என்ற பேச்சே தொடங்கியது.

விபத்துக்குப் பிறகு ‘எல்லோருக்கும் பொறுப்பு’ என்று சொன்னால், அது யார் தலையிலும் தங்காமல் நழுவிப்போகிறது. அதே வாக்கியத்தை விபத்துக்கு முன்பே சொல்லி, கிரேனுக்கு இன்னார், மின்சாரத்துக்கு இன்னார், உயரத்தில் ஏறும் வேலைக்கு இன்னார் என்று தாளில் பெயர் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டால், அது வேலைத்திட்டமாகிறது. பகிர்ந்துகொண்ட பொறுப்பு என்று நாம் சொல்வது இதைத்தான்.

2020-க்குப் பிறகும் சாவுகள் நிற்கவில்லை. 2022 டிசம்பரில் ‘விடுதலை’ படப்பிடிப்பில் ஒரு சண்டைப் பயிற்சியாளர், 2024 ஜூலையில் ‘சர்தார் 2’ படப்பிடிப்பில் ஒரு சண்டைக் கலைஞர், 2025 ஜூலையில் நாகப்பட்டினம் பக்கம் ‘வேட்டுவம்’ படப்பிடிப்பில் கார் சாகசம் செய்த மற்றொருவர். இயக்குநர்கள் வேறு, தயாரிப்பாளர்கள் வேறு, ஊர்கள் வேறு. ஆகவே ஒரு தனி மனிதரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதால் மட்டும் இது தீராது. குறை வேலை நடக்கும் முறையில் இருக்கிறது.

ஒரு செட் எப்படி எழுகிறது

வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் படப்பிடிப்பு என்றால் கேமராவும் நடிகரும்தான். உள்ளே இருப்பது ஒரு பெரும் பட்டறை. கதையிலிருந்து காட்சிப் பட்டியல் பிரிக்கப்படுகிறது. கலை இயக்குநர் வரைபடம் போடுகிறார். பெரிய செட்டாக இருந்தால் சின்ன மாதிரியும் செய்து காட்டுகிறார். தச்சர்கள் சட்டம் அடிக்கிறார்கள். மோல்டர்கள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸிலும் ஃபைபரிலும் தூணும் சிலையும் வார்க்கிறார்கள். பெயின்டர்கள் நேற்று அடித்த சுவரை நூறு ஆண்டுப் பழைய சுவராக மாற்றுகிறார்கள். வெல்டர் இரும்புச் சாரம் கட்டுகிறார். லைட்மேன்கள் மேலே ஏறி விளக்கு பொருத்துகிறார்கள். ஜெனரேட்டர் வண்டியிலிருந்து கேபிள் இழுக்கப்படுகிறது. பிறகு உடை, ஒப்பனை, துணை நடிகர்கள், சண்டைக் குழு, சாப்பாடு பரிமாறும் புரொடக்‌ஷன் பையன்கள் எல்லோரும் அதே கூரைக்குக் கீழே வந்து சேர்கிறார்கள். 

இந்த ஒவ்வொரு கைக்கும் தன் வேலை தெரியும். தோட்டா தரணி, சாபு சிரில் போன்ற கலை இயக்குநர்களின் செட்டுகளைப் பார்த்து உலகமே வியந்ததென்றால், அதற்குப் பின்னால் இந்தக் கைகளின் தேர்ச்சி இருக்கிறது. எனவே திறமைக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு வேலை மாறும் இடத்தில்தான் ஓட்டை விழுகிறது.

வழக்கமாக நடப்பதைப் பாருங்கள். நாளைக் காலை எடுக்க வேண்டிய காட்சியின் கோணத்தை இயக்குநர் இன்று இரவு மாற்றுகிறார். அது அவருடைய உரிமை. நல்ல படம் அப்படித்தான் பிறக்கும். மாற்றம் கைப்பேசியில் கலை இயக்குநருக்குப் போகிறது. அவர் செட் அசிஸ்டென்டிடம் சொல்கிறார். அவர் தச்சு மேஸ்திரியிடம் சொல்கிறார். சுவர் நான்கு அடி நகர்த்தப்படுகிறது. அந்தச் சுவரின் சட்டத்தை நம்பி மேலே விளக்கு கட்டியிருக்கும் லைட்மேனுக்கு யார் சொன்னார்கள்? சுவர் நகர்ந்ததால் இடம் போதாமல் கிரேனைத் தள்ளி நிறுத்த வேண்டியிருக்கிறது. புதிய இடத்தில் மண் இறுகியதா, நேற்றைய மழையில் ஊறியதா என்று யார் பார்த்தார்கள்? பெயின்ட் இன்னும் காயவில்லை, தின்னர் நெடி ஃப்ளோர் முழுக்க நிற்கிறது. பக்கத்தில் வெல்டிங் வைக்கலாமா என்று யார் முடிவெடுத்தார்கள்?

இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று பெரும்பாலான தளங்களில் எழுதிவைக்கப்படுவதில்லை. எல்லோரும் அனுபவசாலிகள், எல்லோரும் அனுசரித்துப் போகிறவர்கள் என்ற நம்பிக்கையில் வண்டி ஓடுகிறது. ஓடும் வரை ஓடும். பதினான்கு மணி நேரம் நின்று களைத்த கண்ணுக்கு முடிச்சின் தளர்வு தெரியாமல் போகும் ஓர் இரவில் அது நிற்கும்.

பக்கத்து ஊர்ப் பாடம்

இதற்கு மருந்து தேடி ஹாலிவுட் போக வேண்டாம். பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் ஒரு பேருந்துப் பயணம் போதும்.

சென்னையின் மேற்குப் புறநகர் இந்தியத் தொழில்துறையின் பள்ளிக்கூடங்களுள் ஒன்று. அம்பத்தூரில் 1949-இல் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1960-களில் தொழிற்பேட்டை எழுந்தது. லேத் பட்டறை முதல் பெரிய உதிரிபாக ஆலை வரை நூற்றுக்கணக்கான அலகுகள் அங்கே சேர்ந்தன. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1960-களில் விஜயந்தா டாங்குகள் வெளிவந்தன. பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தர மேலாண்மைக்கான டெமிங் விருதை 1998-இல் வென்றது. இந்தியாவுக்கு வந்த முதல் டெமிங் விருது அது. பிறகு 2004-இல் பாடி லூகாஸ் டிவிஎஸ் அதே விருதைப் பெற்றது. 

இந்த ஆலைகளில் புதிதாகச் சேரும் ஐடிஐ பையன் முதல் வாரத்திலேயே சிலவற்றைக் கற்றுக்கொள்கிறான். ஷிப்ட் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் எல்லோரும் கூடி, இன்றைய வேலை என்ன, எதில் ஆபத்து என்று பேச வேண்டும். உயரத்தில் ஏறவும் வெல்டிங் வைக்கவும் அனுமதிச் சீட்டு வேண்டும். மின் இணைப்பில் கை வைக்கும் முன் ஸ்விட்சைப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஷிப்ட் மாறும்போது, முடிந்தது எது, பாதியில் நிற்பது எது என்று பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். பாரம் தூக்கும் கருவி எவ்வளவு எடை தாங்கும் என்பது அதன் மேலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும், தகுதி பெற்றவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது அதைச் சோதிக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே விதித்தது.

ஒரே தெருவில் குடியிருக்கும் அண்ணன் அம்பத்தூர் ஆலைக்குப் போகிறான். தம்பி பூந்தமல்லிப் பக்கம் ஒரு செட்டுக்குப் போகிறான். இருவரும் வெல்டர்கள்தான். அண்ணன் ஏறும் ஏணிக்குச் சீட்டு இருக்கிறது. தம்பி ஏறும் சாரத்துக்கு இல்லை. அண்ணன் வேலை செய்யும் கிரேனுக்குச் சோதனைச் சான்று இருக்கிறது. தம்பியின் தலைக்கு மேல் நிற்பது நேற்று வாடகைக்கு வந்த கிரேன். இரண்டு உயிர்களுக்கும் இரண்டு விலை வைத்திருக்கிறோம். இதை ஏற்றுக்கொண்டு ஓர் ஊர் நிம்மதியாக இருக்க முடியாது.

கலை கட்டுப்படுமா?

‘ஆலையில் ஒரே பொருளை ஆயிரம் முறை செய்கிறார்கள். சினிமாவில் ஒவ்வொரு நாளும் புதிது. கலையை அட்டவணைக்குள் அடைக்க முடியாது’ என்று பதில் வரும். இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. கலைஞனின் மனம் மாறும் சுதந்திரத்தைப் பறித்துவிட்டு நல்ல படம் எடுக்க முடியாது. ஆனால் மனம் மாறுவதும், மாறியதை மற்றவர்களுக்குச் சொல்லாமல் விடுவதும் ஒன்றல்ல. முதலாவது கலை. இரண்டாவது அலட்சியம்.

நம் சினிமாவின் வரலாறே இதற்குச் சாட்சி. சேலத்தில் 1935-இல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கிய டி.ஆர்.சுந்தரம், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்தவர். ஆலையில் கண்ட ஒழுங்கைப் படப்பிடிப்புத் தளத்துக்குக் கொண்டுவந்தார். கதை இலாகா, செட், ஒப்பனை, லேப் என எல்லாம் ஒரே வளாகத்தில்; பணியாளர்களுக்கு மாதச் சம்பளம்; நேரம் தவறாத வேலை. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன. முதல் மலையாளப் பேசும்படம் ‘பாலன்’ (1938), தமிழில் முழுவதும் வண்ணத்தில் வந்த முதல் படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) இரண்டும் அந்த வளாகம் தந்தவைதான். ஜெமினி ஸ்டுடியோவில் எஸ்.எஸ்.வாசன் எடுத்த ‘சந்திரலேகா’வின் (1948) முரசு நடனத்தை நினைத்துப் பாருங்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ஆடும் அந்தக் காட்சியை வாய்மொழி ஏற்பாட்டில் எடுத்திருக்க முடியுமா? அன்றைய ஒழுங்கு கற்பனைக்கு வேலி போடவில்லை. அதற்குத் தோள் கொடுத்தது.

பிறகு ஸ்டுடியோ முறை சரிந்தது. ஒவ்வொரு படத்துக்கும் புதிய தயாரிப்பாளர், புதிய அலுவலகம், அன்றன்று பேட்டாவுக்கு வரும் பணியாளர்கள் என்றானது. சுதந்திரம் கூடியது, பல புதியவர்கள் உள்ளே வந்தார்கள், சினிமா ஜனநாயகமானது. ஆனால் பழைய ஸ்டுடியோ தன் சம்பளப் பட்டியலோடு சேர்த்துச் சுமந்திருந்த பொறுப்பை எடுத்துக்கொள்ள யாரும் இல்லாமல் போனது. அந்த வெற்றிடத்தில்தான் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டார்கள். இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசனும் வங்கத்திலிருந்து வந்து சென்னையில் தங்கிய ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷும் அதற்கு உழைத்தவர்கள். இருவரும் சேர்ந்து 1960-இல் உருவாக்கிய ‘பாதை தெரியுது பார்’ பலருடைய கூட்டு முயற்சியில் எடுக்கப்பட்ட படம். இன்று பெப்சி என்று அறியப்படும் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர்கள் சம்மேளனம், இருபதுக்கும் மேற்பட்ட தொழில்வாரிச் சங்கங்களின் கூட்டமைப்பு. கூலி, கால்ஷீட் நேரம், பேட்டா ஆகியவற்றுக்கு விதி வந்தது சங்கத்தால். வேலை கை மாறும் முறைக்கும் விதி எழுதுவது அடுத்த படி.

உலகம் கற்ற விதம்

அமெரிக்காவும் உயிர்களைக் கொடுத்துத்தான் கற்றது. 1982 ஜூலை 23 அதிகாலை, ‘ட்விலைட் ஸோன்’ படப்பிடிப்பில் ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து, நடிகர் விக் மாரோவும் இரண்டு குழந்தைகளும் இறந்தார்கள். இயக்குநர் உட்பட ஐவர் மீது நடந்த வழக்கில் 1987-இல் எல்லோரும் விடுதலையானார்கள். நீதிமன்றத்தில் யாரும் தண்டிக்கப்படவில்லை. ஆனாலும் தொழில் சும்மா இருக்கவில்லை. தயாரிப்பு நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் ஒரே மேசையில் அமர்ந்து, ஹெலிகாப்டருக்கு, வெடிபொருளுக்கு, உயரத்துக்கு, நீருக்கு என்று தனித்தனிப் பாதுகாப்புக் குறிப்புகளை எழுதின. படப்பிடிப்பு நாள்தாளில் அருகிலுள்ள மருத்துவமனையின் பெயரும் முகவரியும் இடம்பெறுவது அங்கே வழக்கமானது.

அங்கும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2021 அக்டோபரில் ‘ரஸ்ட்’ படப்பிடிப்பில் ஒத்திகையின்போது நடிகர் கையிலிருந்த துப்பாக்கி வெடித்து ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார். அதற்குச் சற்று முன்புதான், வேலை நிலைமைகளை எதிர்த்து ஒளிப்பதிவுக் குழுவினர் சிலர் வெளியேறியிருந்தார்கள். விதி எழுதியிருந்தால் மட்டும் போதாது. ‘இது சரியில்லை’ என்ற குரல் எழும்போது வேலை நிற்க வேண்டும் என்பதே அந்தச் சாவு சொல்லும் பாடம்.

யார் என்ன செய்ய வேண்டும்?

சட்டம் ஏற்கெனவே பாதி தூரம் வந்திருக்கிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாமல் திரைத் தொழிலாளரை வேலைக்கு எடுக்கக் கூடாது என்று 1981-இலேயே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்தையும் தொழிற்சாலைகள் சட்டத்தையும் உள்ளடக்கிய 2020-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. திரை, தொலைக்காட்சி, டிஜிட்டல் பணியாளர்களை அது ‘ஒலி-ஒளிப் பணியாளர்’ என்ற பெயரில் அரவணைக்கிறது. இது உட்பட நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் குறித்தும் தொழிற்சங்கங்களுக்குப் பல ஆட்சேபங்கள் உண்டு. அந்த விவாதம் நடக்கட்டும். ஆலைத் தொழிலாளியும் செட் தொழிலாளியும் இன்று ஒரே சட்டப் புத்தகத்தின் பக்கங்களில் இருக்கிறார்கள் என்பதை மட்டும் தயாரிப்பாளர்களும் தொழிலாளர்களும் பற்றிக்கொள்ள வேண்டும். சட்டம் சொல்லாத மீதிப் பாதியைத் தொழிலில் இருப்பவர்கள்தான் எழுத முடியும்.

தயாரிப்பாளர்கள் செய்ய வேண்டியது: கால்ஷீட் தாளோடு இன்னொரு பக்கத்தைச் சேர்க்க வேண்டும். இன்று தளத்தில் என்னென்ன ஆபத்தான வேலைகள், ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் யார், முதலுதவிப் பெட்டி எங்கே, காயம்பட்டால் கொண்டுசெல்ல வேண்டிய மருத்துவமனை எது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். வாடகைக் கிரேனின் சோதனைச் சான்றும் ஓட்டுநரின் தகுதியும் காட்டப்படாமல் வண்டி உள்ளே வரக் கூடாது. காப்பீடு நட்சத்திரத்தோடு நின்றுவிடாமல் பரிமாறும் பையன் வரை போக வேண்டும்.

இயக்குநர்களும் கலை இயக்குநர்களும் செய்ய வேண்டியது: மாற்றத்துக்கு ஒரு வழி வகுக்க வேண்டும். முந்தைய மாலை ஒரு நேரத்தைக் குறித்து, அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு மாற்றத்தையும் கலை, ஒளிப்பதிவு, தயாரிப்பு மேலாளர் மூவரும் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே செட்டில் கை வைக்க வேண்டும். நேரம் போதவில்லை என்று மூவரில் ஒருவர் சொன்னால், அந்தக் காட்சி மறுநாளுக்குப் போகட்டும். இயக்குநர் தன் வாயால் ‘காத்திருப்போம்’ என்று ஒருமுறை சொன்னால், அதைக் கேட்ட நூறு உதவியாளர்கள் நாளை இயக்குநர்களாகும்போது அப்படியே செய்வார்கள். இந்தத் தொழிலில் பழக்கங்கள் குருவிடமிருந்துதான் இறங்குகின்றன.

சங்கங்கள் செய்ய வேண்டியது: உறுப்பினர் அட்டையோடு பயிற்சியையும் சேர்க்க வேண்டும். சாரம் கட்டுவது, மின் இணைப்பு, தீயணைப்பு, முதலுதவி ஆகியவற்றில் ஆண்டுக்கொருமுறை பயிற்சி பெற்றவரே உயரத்தில் ஏறலாம் என்று சங்கமே சொன்னால் அதற்கு மறுபேச்சு இல்லை. அம்பத்தூர் அரசு ஐடிஐயின் ஆசிரியர்களையும், ஆலைகளில் பாதுகாப்பு அதிகாரிகளாக இருந்து ஓய்வுபெற்றவர்களையும் அழைக்கலாம். அப்படிப்பட்ட அனுபவசாலிகள் கொரட்டூரிலும் திருமுல்லைவாயிலிலும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

தொழிலாளிக்கும் கடமை இருக்கிறது. ‘முப்பது வருஷமா ஏறுறேன், எனக்குக் கயிறு வேணாம்’ என்ற பெருமையை விட வேண்டும். பெல்ட் போடாத நண்பனைப் பார்த்துச் சிரிக்காமல் கீழே இறக்க வேண்டும். அதற்கு ஈடாக அவருக்கு ஓர் உரிமை தரப்பட வேண்டும். லைட்மேனோ துணை நடிகையோ யாராக இருந்தாலும், ஆபத்து கண்டால் ‘நிறுத்துங்க’ என்று சொல்லலாம். சொன்னதற்காகப் பேட்டாவோ அடுத்த படத்து வாய்ப்போ போகாது என்ற உறுதி வேண்டும். தினக்கூலிக்காரர் வாய் திறக்கத் தயங்குவது கோழைத்தனம் இல்லை, நாளைய அடுப்பைப் பற்றிய கவலை. அந்தக் கவலையைப் போக்காமல் விழிப்புணர்வு முகாம் நடத்திப் பயனில்லை.

அரசு செய்ய வேண்டியது: புதிய திரைப்பட நகரத்தின் ஒப்பந்தத்திலேயே இவற்றை நிபந்தனையாக எழுத வேண்டும். ஃப்ளோர் வாடகைக்கு விடப்படும்போது அந்த ஒரு பக்கத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும். நிரந்தரப் பாதுகாப்பு அதிகாரி, தீயணைப்பு வசதி, ஆம்புலன்ஸ், பெண்களுக்கு ஓய்வறையும் இரவில் வீடு திரும்ப வண்டியும் வேண்டும். அந்த நகரத்தில் வரப்போவதாகச் சொல்லப்படும் ஐந்து நட்சத்திர விடுதியைப் பற்றிப் பேசும்போதே செட் தொழிலாளி படுத்தெழ ஒரு கூடத்தைப் பற்றியும் பேச வேண்டும். திரைத் துறையினர் நல வாரியத்தின் பதிவு முகாம் அந்த வளாகத்திலேயே நடக்க வேண்டும்.

கணினி முன்னால் அமர்ந்து வி.எஃப்.எக்ஸ் செய்யும் இளைஞர்களையும் இதில் சேர்க்க வேண்டும். அவர்கள் தலையில் கிரேன் விழாது. ஆனால் வெளியீட்டுத் தேதி அறிவித்துவிட்டு, கடைசி வாரத்தில் காட்சிகளை மாற்றி, இரவு பகலாக அவர்களை உட்காரவைப்பதும் இதே நோய்தான். மாற்றத்துக்குக் கையெழுத்து என்ற விதி அவர்களுடைய தூக்கத்தையும் காக்கும்.

ரசிகர்களுக்கும் ஊடகங்களுக்கும் பங்கு உண்டு. ‘அப்டேட் எங்கே’ என்று நாள்தோறும் கேட்பதும், தேதி தள்ளிப்போனால் கேலி செய்வதும் தளத்தில் இரவு வேலையாக இறங்குகின்றன. பாதுகாப்புக்காக ஒரு படம் இரண்டு வாரம் தாமதமானால், அந்தக் குழுவைப் பாராட்டும் பக்குவம் நமக்கு வேண்டும்.

சிறு படத்தின் கவலை

‘பெரிய நிறுவனத்துக்கு இது சரி, கடன் வாங்கிப் படம் எடுக்கும் சின்னத் தயாரிப்பாளர் என்ன செய்வார்?’ என்ற கேள்வி நியாயமானது. மேலே சொன்னவற்றில் பலவற்றுக்குப் பணம் தேவையில்லை. காலையில் ஐந்து நிமிடக் கூட்டத்துக்கு வாடகை இல்லை. ஒரு பக்கத் தாளுக்கு ஒரு ரூபாய். பயிற்சியும் காப்பீடும்தான் செலவு. அதைத் தனித்தனிப் படத்தின் தலையில் கட்டாமல், தயாரிப்பாளர் சங்கமும் பெப்சியும் நல வாரியமும் சேர்ந்து பொது நிதியாக வைக்கலாம். உண்மையில் வேலைமுறை இல்லாததன் நஷ்டம் சின்னப் படத்துக்குத்தான் அதிகம். தவறாகக் கட்டிய சுவரைப் பிரித்துக் கட்டும் ஒரு நாள், ஃப்ளோர் வாடகையாகவும் நடிகரின் கால்ஷீட்டாகவும் ஒன்றரை மடங்குப் பேட்டாவாகவும் அவரது வட்டிக் கணக்கில் ஏறுகிறது. உயிரைக் காக்கும் அதே தாள் அவருடைய பணத்தையும் காக்கும்.

தயாரிப்பாளர்களுக்கும் பெப்சிக்கும் இடையிலான பிணக்கு 2025-இல் உயர் நீதிமன்றம் வரை போனதை நாடறியும். கூலியிலும் வேலை ஒப்பந்தத்திலும் இரு தரப்புக்கும் வேறுபட்ட நலன்கள் இருப்பது இயல்பு. அவற்றைப் பேசித் தீர்க்கக் காலம் ஆகும். ஆனால் உயிரில் இரு தரப்புக்கும் ஒரே நலன்தான். பேச்சைத் தொடங்க இதைவிடப் பொதுவான இடம் கிடைக்காது. இங்கே ஒருமுறை கையெழுத்து ஒன்றாக விழுந்தால், மற்ற சிக்கல்களிலும் ஒருவரை ஒருவர் நம்புவது எளிதாகும்.

ஆகவே ஒரு கோரிக்கை. திரைப்பட நகரத்தின் முதல் ஃப்ளோர் திறக்கும் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். தயாரிப்பாளர் சங்கம், பெப்சி, இயக்குநர் சங்கம், கலை இயக்குநர் சங்கம், பூந்தமல்லி வட்டாரப் படப்பிடிப்புத் தளங்களின் உரிமையாளர்கள், தொழிலாளர் துறை, அம்பத்தூர் ஆலைகளின் பாதுகாப்பு வல்லுநர்கள் ஆகியோரை அரசின் செய்தித் துறை ஒரே அறையில் உட்காரவைக்கட்டும். அந்த ஒரு பக்கத் தாளின் வாசகத்தை அவர்களே எழுதட்டும். இப்போது இயங்கும் தளங்களில் மூன்று மாதம் நடத்திப் பார்க்கட்டும்; லைட்மேனும் தச்சரும் சொல்லும் குறைகளைக் கேட்டுத் திருத்தட்டும்; பிறகு அது தமிழ்நாட்டின் எல்லாத் தளங்களுக்கும் போகட்டும். பிரேக் செய்வதில் உலகத் தரம் காட்டிய இந்த மேற்குப் புறநகர், படம் செய்வதிலும் அதைக் காட்ட முடியும். முதல் தாளில் முதல் கையெழுத்தைப் போட யார் முன்வருகிறார்களோ, தமிழ் சினிமா அவர்களுக்குக் கடன்பட்டிருக்கும்.